குழாய் இரண்டரை அங்குலம், பள்ளம் ஒன்றரை அடி

கிணற்று மேட்டிலிருந்து கடைசி வயல் வரைக்கும் மண் வாய்க்காலில் தண்ணீர் ஓட்டி, பாதியைப் பூமிக்கும் எலி வளைக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பயிருக்குக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது உங்களில் பலர் பி.வி.சி. குழாய் புதைத்துவிட்டீர்கள். இன்னும் சிலர் இந்த வருஷம் புதைக்க உத்தேசித்திருப்பீர்கள். அவர்களை ஒரு கேள்வி கேட்கிறேன். குழாய் என்னவோ இரண்டரை அங்குலம்தான். அதற்கு நாம் பறிக்கிற பள்ளம் ஒன்றரை அடி. ஏன் இத்தனை அகலம்?

குழாய்க்காக இல்லை. பறிக்கிற ஆள் நிற்பதற்காக!

நம் மண்வெட்டியை நினைத்துப் பாருங்கள். ஓங்கிப் போட்டுத் தன் பக்கமாக இழுக்கிற கருவி அது. வரப்பு வெட்டவும் மடை மாற்றவும் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் பள்ளம் பறிக்கும்போது ஆள் பள்ளத்துக்குள்ளேயே இறங்கிக் குனிந்தாக வேண்டும். இரண்டு காலும் ஊன்ற இடம் வேண்டும், ஓங்க இடம் வேண்டும். ஆக, பள்ளத்தின் அகலத்தை முடிவு செய்வது குழாய் அல்ல, மனிதனின் இடுப்பு.

இதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று ஒரு கணக்குப் போடலாம். நூறடி நீளம், இரண்டடி ஆழம், ஒன்றரை அடி அகலம் என்றால் 300 கன அடி மண். ஒரு கன அடி மண் சுமாராக 45 கிலோ என்று வையுங்கள், பதின்மூன்றரை டன் வருகிறது. அதே பள்ளத்தை நாலு அங்குல அகலத்தில் பறித்தால் 67 கன அடி, மூன்று டன். வெட்டின மண்ணைத் திரும்பத் தள்ளவும் வேண்டும் அல்லவா? அப்படியானால் ஒரு பக்கம் 27 டன் வேலை, இன்னொரு பக்கம் 6 டன் வேலை. உள்ளே போகிற குழாய் ஒன்றேதான்.

என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் என் கொல்லையில் அறுநூறு அடிக்குக் குழாய் போட்டேன். ஆள் கிடைக்கவில்லை என்று ஜே.சி.பி. கூப்பிட்டேன். ஒரே காலையில் வேலை முடிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கெட்டின் அகலம் இரண்டடி. மேல் மண்ணும் அடியில் கிடந்த வெளிறிய சுண்ணாம்பு மண்ணும் ஒன்றாகக் கலந்து மேலே வந்தன. ஐப்பசி மழையில் மூடின மண் அமுங்கி, குழாய் போன வழியெல்லாம் ஓடையாகிவிட்டது. அடுத்த இரண்டு பட்டம் அந்த இடத்தில் கடலைச் செடி மஞ்சளாகவே நின்றது. எந்திரம் ஓட்டின தம்பியைக் குறை சொல்ல முடியாது. அவன் பக்கெட் அவ்வளவு அகலம். 'என்ன அகலம் தம்பி?' என்று முன்கூட்டியே கேட்காதது என் தப்பு.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பள்ளத்தின் அகலத்தைக் குறைக்க மேல்நாடுகளில் நூறு வருஷத்துக்கு மேல் பாடுபட்டிருக்கிறார்கள். அதில் கொல்லர் உண்டு, விவசாயி உண்டு, பேராசிரியர் உண்டு. கடைசியில் அந்த வேலையை முடித்துவைத்தது, நீங்கள் சிரிக்கக்கூடாது, வீட்டு முன்னால் வளர்க்கிற புல்.

கதை தண்ணீர் பாய்ச்சுவதில் ஆரம்பிக்கவில்லை. வடிப்பதில் ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தில் பல வட்டாரங்கள் களிமண் பூமி. அங்கே குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கிக் கோதுமை வேர் அழுகும். இதற்கு அவர்கள் கண்ட வைத்தியம், சூளையில் சுட்ட மண்குழாய். ஒவ்வொன்றும் ஓரடி நீளத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். மூன்று நாலடி ஆழத்தில் ஒன்றை அடுத்து ஒன்றாக வரிசையாக வைத்து மூடிவிடுவார்கள். சேர்த்து ஒட்டுவது கிடையாது. குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே உள்ள சந்து வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, ஓடைக்கு வடிந்துவிடும். 1846-ல் அந்த நாட்டு அரசாங்கம் சட்டம் போட்டு, இருபது லட்சம் பவுனை நிலச் சொந்தக்காரர்களுக்கு வடிகால் கடனாக ஒதுக்கியது. அவ்வளவு பெரிய வேலை அது.

அத்தனை மைல் பள்ளத்தையும் யார் பறித்தார்கள்? கூலி ஆட்கள்தான், கையால்தான். ஆனால் அவர்கள் கையில் இருந்த கருவி வேறு. காலால் மிதித்து நேர் கீழே இறக்குகிற கரண்டி போன்ற மண்வாரி அது. ஒன்று இரண்டல்ல, ஒரு செட்டாகவே வைத்திருந்தார்கள். முதல் வெட்டுக்கு அகலமானது. அடுத்தது அதைவிடக் குறுகல். கடைசியாக இறங்குவது மாட்டு நாக்கு மாதிரி நீண்டு ஒடுங்கியிருக்கும். ஆள் மேல்படி வரைக்கும்தான் இறங்குவான். அதற்குக் கீழே கால் போக இடமே இருக்காது. நீளக் காம்பில் மாட்டின வளைந்த அகப்பையால் அடிமண்ணை இழுத்துச் சுத்தம் செய்து, நீளக் காம்புக் கொக்கியில் குழாயை மாட்டி, மேலே நின்றபடியே அடியில் வைத்துவிடுவான். மேலே ஓரடிக்குமேல் அகலம், அடியில் குழாய் உட்காரும் அளவுதான்.

மனிதனைப் பள்ளத்திலிருந்து வெளியே கொண்டுவந்ததில் இதுதான் முதல் படி என்று நான் நினைக்கிறேன். எந்திரம் பிறகுதான் வந்தது. கருவியின் உருவம் மாறினாலே பாதி மண் மிச்சமாகிறது.

இந்த வித்தை ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் மூலம் அமெரிக்கா போயிற்று. ஜான் ஜான்ஸ்டன் என்று பெயர். நியூயார்க் மாநிலத்தில் ஜெனீவா என்கிற ஊரில் விவசாயம் செய்தவர். 1835-ல் தம் நாட்டிலிருந்து குழாய் மாதிரியை வரவழைத்து, 1838-ல் உள்ளூரிலேயே ஒருவரைக் கையால் செய்யச் சொல்லித் தம் வயலில் புதைத்தார். ஊரார் சும்மா இருப்பார்களா? சட்டி பானையைப் பூமியில் புதைக்கிறானே, புத்தி பிசகிவிட்டது என்று சிரித்தார்கள். விளைச்சலைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. கடைசியில் அவர் தம் நிலத்தில் புதைத்த குழாய் சுமார் 70 மைல் நீளம்.

இதே சமயம் இங்கிலாந்தில் ஜான் ஃபவுலர் என்ற இளைஞர் வேறு மாதிரி யோசித்தார். 1849-ல் அயர்லாந்துக்குப் போய், உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அடிபட்ட அந்தத் தேசத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். சாகுபடிக்கு வராத ஈரநிலத்தை வடித்தெடுத்தால் சோற்றுக்கு வழி பிறக்கும், ஆனால் வடிகால் பறிக்கிற கூலிதான் எட்டாத தூரத்தில் நிற்கிறது என்பது அவர் மனசில் பதிந்துவிட்டது. பள்ளமே பறிக்காமல் குழாய் பதித்தால் என்ன? ஒரு கத்தியைப் பூமிக்குள் இறக்கினார். அதன் அடியில் கூர்முனை உருளை ஒன்று. அதன் வாலில் ஒரு கயிறு, கயிற்றில் மணி கோத்தமாதிரி குழாய்கள். கத்தியை இழுக்க இழுக்க, எலி வளை மாதிரி ஒரு துளை விழும், அந்தத் துளைக்குள் குழாய் வரிசை தானாகப் போகும். பிறகு கயிற்றை மட்டும் உருவிக்கொள்வது. 1850-ல் எக்ஸிடர் நகரக் கண்காட்சியில் குதிரைகளை வைத்து இழுத்துக் காட்டினார். 1854-ல் லிங்கன் நகரில் நீராவி எஞ்சின் இழுத்தது. பிற்பாடு நீராவிக் கலப்பையில் பெரும்பெயர் எடுத்து, 38 வயதிலேயே இறந்துபோனார். இந்தக் கோத்த மணியை மறந்துவிடாதீர்கள். திரும்பி வருவேன்.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில் கருஞ்சதுப்பு என்று பெயர் பெற்ற பெரிய சேற்றுக்காடு இருந்தது. அங்கே 1890-களில் ஜேம்ஸ் ஹில் என்பவர் நீராவியில் ஓடும் பள்ளம் பறிக்கும் வண்டி ஒன்றைச் செய்தார். நம்ம ஊர் ராட்டினம் மாதிரி பெரிய சக்கரம், அதன் விளிம்பு முழுக்க வாளிகள். சக்கரம் சுற்றினால் வாளிகள் மண்ணைக் கோதி மேலே கொண்டுவந்து பக்கத்தில் கொட்டும். பள்ளம் குறுகலாக, நேராக, வேண்டிய சரிவோடு விழும். சேற்றுக்காடு கோதுமை வயலாகவும் சோள வயலாகவும் ஆனதில் இந்த வண்டிக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கே ஒரு பேராசிரியர் வருகிறார். அயோவா மாநிலக் கல்லூரியில் ஆன்சன் மார்ஸ்டன் என்பவர். புதைத்த குழாய்கள் பல இடங்களில் மண் பாரம் தாங்காமல் விரிசல் விட்டதால், எவ்வளவு பாரம் விழுகிறது என்று சோதனை செய்து 1913-ல் முடிவை வெளியிட்டார். நம் மாதிரி ஆட்கள் என்ன நினைப்போம்? ஆழம் கூடினால் பாரம் கூடும், அகலத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்போம். அவர் சொன்னது, அகலம்தான் முக்கியம்! குதிரில் நெல் கொட்டுகிறோம். அத்தனை பாரத்தையும் அடித்தட்டா தாங்குகிறது? நெல் சுவரோடு உரசி நிற்பதால் சுவரும் ஒரு பங்கைத் தாங்குகிறது. பள்ளமும் அப்படியே. இரண்டு பக்கத்துக் கெட்டி மண்தான் சுவர். பள்ளம் குறுகலாக இருந்தால் மூடின மண்ணின் பாரத்தைச் சுவர் வாங்கிக்கொள்ளும். அகலமாக இருந்தால் நடுவில் இருக்கும் மண்ணுக்குச் சுவரின் பிடி எட்டாது, எல்லாம் குழாயின் தலையில் இறங்கும். ஆழமான பள்ளத்தில் அகலத்தை இரண்டு மடங்காக்கினால், குழாய்மேல் வரும் சுமை இரண்டு மடங்கோடு நிற்காமல் அதற்கும் மேலே போகிறது. அவர் கணக்குப் போட்டது சுட்ட மண், சிமெண்டு மாதிரியான விறைப்பான குழாய்களுக்கு. வளைந்துகொடுக்கிற பிளாஸ்டிக் குழாய்க்குக் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனாலும் பக்கத்து மண் கெட்டியாக அணைத்து நிற்பது அதற்கும் நல்லதுதான்.

இப்போது புல்லுக்கு வருவோம்.

கலிபோர்னியாவில் கிளெண்டோரா என்ற ஊரில் ஆர்ட்டன் எங்கிள்ஹார்ட் என்று ஒரு நாரத்தை வகைத் தோட்டக்காரர். தட்டித் தட்டிச் சுற்றிக்கொண்டே தண்ணீரை வீசுகிற தெளிப்பானை 1933-ல் செய்தார். இன்றைக்கு நம் வயல்களில் டக் டக் என்று சுற்றுகிறதே, அதன் மூதாதை அதுதான். தோட்டத்துக்காக வந்த சாமான் வீட்டுப் புல்வெளிக்கும் போயிற்று. 1945-ல் இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் அமெரிக்காவில் நகரத்தைச் சுற்றி லட்சக்கணக்கில் புது வீடுகள் எழுந்தன. வீட்டுக்கு முன்னால் ஒரு புல்வெளி. மாடு மேயாத புல்லுக்குத் தண்ணீர் விட்டு, வெட்டி, மறுபடி தண்ணீர் விடுவார்கள். நமக்கு வேடிக்கையாக இருக்கும். அது அவர்கள் பிரியம், விடுங்கள்.

புது வீடு என்றால் சாலையிலிருந்து தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய் எல்லாம் உள்ளே வர வேண்டும். புல்லுக்குத் தெளிப்பான் வைத்தால் அதற்கும் நாலு பக்கமும் குழாய் ஓட வேண்டும். ஹில் செய்த மாதிரிப் பெரிய சக்கர வண்டியை வீட்டு வாசலில் விட முடியுமா? புல்லையும் நசுக்கும், வேலியையும் சாய்க்கும். எனவே எந்திரங்களுக்குப் பேர்போன அந்த நாட்டில், வீட்டுக்கு வீடு ஆட்கள் கடப்பாரையும் மண்வாரியுமாகப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒக்லஹோமா மாநிலத்தில் பெர்ரி என்று ஒரு சின்ன ஊர். 1893-ல்தான் அந்த ஊரே உண்டாயிற்று. 1902-ல் கார்ல் மால்சான் என்ற ஜெர்மானியர் அங்கே வந்து கொல்லுப்பட்டறை போட்டார். லாடம் அடிப்பது, கலப்பைக் கொழு தட்டுவது, வண்டிப் பட்டை போடுவது போன்ற வேலைகள். குதிரை போய் மோட்டார் வந்ததும், அவர் மகன் சார்லி பட்டறையை எந்திரம் பழுதுபார்க்கும் இடமாக மாற்றினார், எண்ணெய்க் கிணற்றுச் சாமான்களையும் சரிசெய்தார். சார்லியின் மகன் எட் மால்சான் கல்லூரியில் எந்திரப் படிப்புப் படித்தவர். வீட்டுக் குழாய்க்காக ஆட்கள் படும் பாட்டைப் பார்த்து, தகப்பனும் மகனுமாகப் பட்டறையில் மாதக்கணக்கில் தட்டிக் கொட்டி, 1949-ல் ஒரு சின்ன எந்திரத்தை வெளியே கொண்டுவந்தார்கள். ஒரு ஆள் பின்னால் நடந்து ஓட்டலாம். நீளக் கை ஒன்று, அதைச் சுற்றி ஓடும் சங்கிலி, சங்கிலியில் விரல் மாதிரிக் கூர்நுனி வைத்த குட்டி வாளிகள். மரம் அறுக்கும் ரம்பம் போலப் பூமியை அறுத்துக்கொண்டே போகும். சில அங்குல அகலத்தில் பள்ளம் விழும், மண் ஓரமாக வரிசையாகக் குவியும். 'டிச் விட்ச்' என்று பெயர் வைத்தார்கள், பள்ளம் பறிக்கும் சூனியக்காரி என்று அர்த்தம். பெயர் வேடிக்கைதான். ஆனால் வீடு புகுந்து பள்ளம் பறிக்கிற தொழிலே அதிலிருந்துதான் எழுந்தது. லாடம் அடித்த பட்டறை உலகம் முழுக்க எந்திரம் அனுப்பும் தொழிற்சாலையாயிற்று. 2019-ல் அதை வாங்கியவர்கள் யார் தெரியுமா? புல் வெட்டும் எந்திரமும் புல்வெளிப் பாசனச் சாமானும் செய்கிற டோரோ கம்பெனி!

இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. இரும்புக் குழாய் போட்ட நாளில் பள்ளத்துக்குள் இறங்கி, மரை போட்டு, குறடு பிடித்துத் திருகத்தான் வேண்டும். கை புழங்க அகலம் வேண்டும். பிளாஸ்டிக் குழாய் வந்ததும், மேலேயே பசை தடவிச் சேர்த்து, காயவிட்டு, நீளமாகப் பள்ளத்துக்குள் இறக்கிவிடலாம் என்று ஆயிற்று. அதற்கப்புறம் ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு நியாயமும் மிச்சமில்லை.

புல்வெளிக்காரருக்கு ஒரே கவலை, குழாய் போட்ட தடம் புல்லில் தெரியக்கூடாது. அதனால் கையால் பறிக்கிறவர்கள் முதலில் புல்லை மண்ணோடு பாளம் பாளமாகச் சீவி ஒரு பக்கம் அடுக்குவார்கள், அடிமண்ணைத் தார்ப்பாயில் கொட்டுவார்கள், மூடும்போது அடிமண் முதலில், புல் கடைசியில். இன்னும் ஒரு படி மேலே போய், பள்ளமே வேண்டாம் என்று அதிரும் கத்தி வைத்த எந்திரம் கொண்டுவந்தார்கள். கத்தி அதிர்ந்துகொண்டே பூமியைக் கீறிப் போகும், அதன் அடி முனையில் கட்டின குழாய் பின்னாலேயே நுழைந்து வரும். மேலே ஒரு கீறல்தான். காலால் மிதித்தால் மூடிவிடும். பார்த்தீர்களா, 1850-ல் ஃபவுலர் கயிற்றில் கோத்த மணி!

அழகுக்கு வளர்த்த புல்லுக்காக இவ்வளவு ஜாக்கிரதை என்றால், நம் சோற்றுக்கு வழி செய்கிற மேல்மண்ணுக்கு எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்? என் கடலைக் கொல்லையை நினைத்துக்கொண்டுதான் கேட்கிறேன்.

நம் பக்கத்திலும் டிராக்டரில் மாட்டும் சங்கிலிப் பள்ளக் கருவி வந்திருக்கிறது. கிடைத்தால் நல்லது. ஆனால் பாறையும் சுக்கானும் உள்ள பூமியில் பல் தேய்ந்துபோகும், வாடகை பேசுமுன் பூமியைக் காட்டிவிடுங்கள். ஜே.சி.பி.தான் கிடைக்கிறது என்றால் ஓரடிக்கும் குறைவான பக்கெட்டும் அதற்கு உண்டு, அதை மாட்டிக்கொண்டு வரச் சொல்லலாம். மேல்மண் ஒரு கரை, அடிமண் மறுகரை என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். புல்வெளிக் குழாயை அவர்கள் ஓரடிக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள், அங்கே ஏர் ஓடாது. நமக்குக் கலப்பைக் கொழு எட்டாத ஆழம் வேண்டும், இரண்டடிக்குக் குறைக்காதீர்கள். மோட்டாருக்குப் புதைத்த கேபிள் எங்கே போகிறது என்று ஞாபகப்படுத்திக்கொண்டு ஆரம்பியுங்கள். சங்கிலி ஓடும்போது வேட்டி துண்டோடு கிட்டே போகக்கூடாது. சிக்கின கல்லைக் கையால் எடுக்கப்போவதானால் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான்.

கிளைக் குழாய் நூறடி இருநூறடி என்றால் எந்திரமே வேண்டாம். நான் எங்கள் ஊர் கொல்லரிடம் பழைய லாரி வில்பட்டை ஒன்றைக் கொடுத்தேன். மூன்று அங்குல அகலம், முக்கால் முழ நீளம். நுனியைத் தட்டிக் கூராக்கி, மேலே மிதிக்க ஒரு கட்டை வைத்து, இடுப்பு உயரக் காம்பு போட்டுக் கொடுத்தார். மழை பெய்த மூன்றாம் நாள் செம்மண்ணில் கயிறு பிடித்து மிதித்தால் கேக்கு மாதிரி இறங்குகிறது. மண்ணை வாரி எடுக்க, பழைய குழாயை நெடுக்காகப் பிளந்து காம்பு வைத்த அகப்பை ஒன்றும் செய்துகொண்டேன். காய்ந்த கரிசலில் அது செல்லாது, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பேர், ஒருவர் மிதிக்க ஒருவர் வார, ஒன்றரை நாளில் நூற்றிருபது அடி முடித்தோம். பள்ளம் நாலு அங்குலம். யாரும் உள்ளே இறங்கவில்லை.